இருபத்தேழு மூலிகைப் பொடி

"பிள்ளை பெத்தவ மனசு சோர்ந்துபோனா, அதுக்கு உலகத்துலயே ஒரு மருந்துதான். அது என்கிட்டதான் இருக்கு. இன்னிக்கு அதை டாக்டர் வாயாலயே ஒத்துக்க வைக்கிறேன் பாரு!"

ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து வைத்தியர் மாமா இப்படி முழங்கியபோது அவர் கையில் இருந்தது குழந்தையின் ஈரத்துணி. அதைப் பையில் போடும்படி அவருடைய அக்கா மகள் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

"மெதுவா பேசுங்க மாமா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! பாக்கத்தானே வந்திருக்கேன்."

'வைத்தியர்' என்பது ஊர் கொடுத்த பட்டம் அல்ல. கடைப் பலகையில் அவரே எழுதிக்கொண்டது.

அவளுக்குக் குழந்தை பிறந்து பத்து வாரம். முதல் ஏழு வாரமும் அழுகைதான். பால் கொடுக்கும்போது கண்ணீர் குழந்தையின் நெற்றியில் சொட்டும். டாக்டரிடம் போகப் பயம். மாத்திரை கொடுப்பார்கள், பாலை நிறுத்தச் சொல்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். தான் உருப்படியாகச் செய்கிற ஒரே காரியம் பால் கொடுப்பதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அதுவும் போய்விட்டால்?

அப்போதுதான் மாமா மூலிகைப் பொடி டப்பாவோடு வந்து இறங்கினார். பொடியைவிடப் பத்தியம் கறாராக இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குக் குடித்தால் நாலு மணி வரை படுத்துத் தூங்க வேண்டும். போனைத் தொடக் கூடாது. யாரும் அவளோடு பேசக் கூடாது. மருந்து முறிந்துவிடுமே என்ற பயத்தில் மாமியார் வாயே திறக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வீட்டில் அதுவே பெரிய அதிசயம்.

மூன்று வாரத்தில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பெருமையில் மாமா தரையில் நடப்பதையே நிறுத்திவிட்டார். இன்று குழந்தைக்கு எடை பார்க்கும் நாள் என்று தெரிந்ததும், கூப்பிடாமலே கூட வந்துவிட்டார்.

உள்ளே போனதும் டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"இருபத்தேழு மூலிகை. பக்க விளைவுங்கிற பேச்சே கிடையாது."

"பேரைச் சொல்லுங்க."

"அது பரம்பரை ரகசியம்ங்க."

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அழுகை நின்னுடுச்சா?"

அவள் மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "மத்தியானம் தூங்கி எந்திரிச்சா தேவலைங்க. விடிகாலையில இன்னும் அழுகைதான். நானெல்லாம் ஒரு அம்மாவான்னு தோணுது. சொன்னா மாமா மனசு நோகுமேன்னு சொல்லலை."

மாமாவின் மீசை லேசாக இறங்கியது.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. "நிறைய பேருக்கு வர்றதுதான். பேசிப் பேசியே சரி பண்றவங்க இருக்காங்க. பால் குடுத்துக்கிட்டே சாப்பிடக்கூடிய மாத்திரையும் இருக்கு."

"பாலை நிறுத்த வேண்டாமா?"

"மாத்திரைக்காக வேண்டாம். ஆனா இந்தப் பொடியால இப்போதைக்கு நிறுத்தித்தான் ஆகணும். மூலிகைன்னா பால்ல இறங்காதா? சிலது மாத்திரையோட சேர்ந்தா ஆபத்து. உள்ள என்னன்னு தெரியற வரைக்கும் குடுக்காதீங்க. குழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

நர்ஸ் குழந்தையின் குதிகாலைத் துடைத்து ஊசியை எடுத்தாள். பசி வந்த குழந்தை வீறிட்டது. அம்மாவின் மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்தது. குழந்தையைத் தூக்கவா, தள்ளி வைக்கவா என்று தெரியாமல் அவள் கைகள் தவித்தன.

மாமா ஊசிக்குக் குறுக்கே வந்து நின்றார். "டாக்டர், ஒரு நிமிஷம் தனியா வர்றீங்களா?"

"இங்கேயே சொல்லுங்க. குழந்தை பசியில கத்துது."

மாமா டப்பாவைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். குழந்தையின் மெத்தென்ற குதிகாலைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வறுத்த கோதுமை மாவு."

"அப்புறம்?"

"சர்க்கரை. நிறத்துக்குக் கொஞ்சம் கோக்கோ."

"மூலிகை?"

"டப்பா மேல படம் இருக்குங்க."

டாக்டரம்மா பொடியைத் தொட்டு முகர்ந்தார். ஒரு தாளை நீட்டி, சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாமா போட்டார். முன்னால் 'வைத்தியர்' என்று எழுதவில்லை.

"ஊசி வேண்டாம் சிஸ்டர். நீங்க பால் குடுங்கம்மா."

அவள் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். வீறிடல் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் தோள்கள் குலுங்கின. மறுபடியும் அழுகையா என்று நர்ஸ் பதறி ஓடிவந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரமா கோக்கோவா மாமா குடிச்சேன்?"

மாமா குனிந்து டப்பாவைப் பைக்குள் திணித்தார்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். வாரம் ஒருமுறை வந்து பேச நாளும் குறித்தார். பிறகு, "அந்த மத்தியானத் தூக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க. அது நல்லது. நானே எழுதித் தர்றேன், உங்க மாமியார்கிட்ட காட்டுங்க" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். கண் பளபளத்தது. "இப்பதான் மாமா புரியுது. சும்மா தூங்குன்னா வீட்ல யாரும் விடமாட்டாங்கன்னுதானே, மருந்து, பத்தியம்னு நாடகமாடி என்னைத் தூங்க வச்சீங்க?"

மாமா மெல்லத் தலையை உயர்த்தினார். மீசையைத் தடவிக்கொண்டார். "மனசறிஞ்சு பண்றதுதாம்மா வைத்தியம்" என்றார்.

ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அவர் கடையை அடைத்துவிட்டுத் தூங்கும் நேரம். அப்போது யாரும் போன் பண்ணி எழுப்பக் கூடாது என்பதற்காக, மூட்டு வலிக்காரர் முதல் வழுக்கைத் தலைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் கொடுத்துவந்தது அதே பத்தியம்தான்.