கயிறு யார் கையில்?

"கையை நல்லா விரி தம்பி" என்றார் டெய்லர் சுடலைமாடன். இனிகோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். லண்டன் குளிருக்குக் கம்பளிக் கோட்டு தைக்க அளவெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்தும் துணித் தட்டுப்பாடு தீராத காலம். தூத்துக்குடியில் ஒரு வேட்டி வாங்கவே ரேஷன் கடையில் கால்கடுக்க நிற்க வேண்டும். ஆனால் கஸ்பார் பர்னாந்து நினைத்தால் கொழும்பிலிருந்து தோணியில் கம்பளித் துணியே வந்து இறங்கும். சங்கு குளிக்கப் போகிற வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், இனிகோவுக்குத் தாய்மாமன். யாராவது இல்லை, முடியாது என்று சொல்லி அவர் கேட்டதே கிடையாது.

முத்துச்சிப்பியை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க இனிகோவை இரண்டு இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். லண்டனில், சர் பட்டம் வாங்கிய பெரிய வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் ஓர் இடம். மெட்ராஸில், அற்புதமணி என்கிற சின்ன வயசுப் பேராசிரியரிடம் இன்னோர் இடம்.

லண்டனுக்கு ஆகிற செலவெல்லாம் மாமாவுடையது. மாமா மகள் லூர்துவுக்கு மோதிரம் போட்டுவிட்டுத்தான் கப்பலேற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சம்மதமா என்று லூர்துவை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் என்றைக்கு இருந்தது? அவள்பாட்டுக்குக் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வார ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல ஒங்க கல்யாண ஓலைய ஊரறிய வாசிக்கச் சொல்லி சாமியார்ட்ட பேசிட்டேன்" என்றார் மாமா.

"ஓலையும் வேண்டாம், கோட்டும் வேண்டாம் மாமா. நான் மெட்ராசுக்குப் போறேன்."

டெய்லர் கையில் டேப் அப்படியே நின்றுவிட்டது.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? கடைத்தெரு பூரா லண்டன் மாப்ளே லண்டன் மாப்ளேன்னுல்லா பேசுதான்!"

"அப்ப கடைத்தெருவ லண்டனுக்கு அனுப்புங்க."

"வாய் ரொம்ப நீளுது!"

"பின்ன என்ன மாமா? கிட்டத்தட்ட இருவது வருசமா இங்கன முத்துக்குளிப்பே நடக்கல. கடலுக்குள்ள சிப்பி ஏன் விளையாமப் போச்சுன்னு பாக்கணும். லண்டன்ல சிப்பி பாட்டிலுக்குள்ளதான் கெடக்கும். அதப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்க?"

"அதெல்லாம் அந்த சர்ரு பாத்துக்கிடுவாரு."

"அவருக்கு எம்பேரே ஞாபகம் இருக்காது. அவருக்குக் கீழ அத்தன பேரு. நான் உள்ள முங்கிப் போனாக்கூட மேல ஒருத்தருக்கும் தெரியாது."

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்தால் அந்த வீட்டில் காக்காய்கூடக் கத்தாது.

"அந்த அற்புதமணிக்கு மட்டும் தெரிஞ்சிருமோ? யாருல அவன்? சாத்தான்குளத்துப் பய. நம்ம கோயில்கூடக் கெடையாது, மிஷன் கோயில்காரன். குடியிருக்கிறது வாடகை வீடு. ஒரு தங்கச்சிய வயசு தாண்டியும் வீட்டுல வச்சிருக்கானாம். அவளக் கரையேத்த வக்கில்லாதவன் ஒன்னக் கரையேத்திருவானாக்கும்!"

"அவரப் பத்தி மரியாதையாப் பேசுங்க" என்றான் இனிகோ. காது மடல் சிவந்துவிட்டது.

"அடேங்கப்பா, ரோசத்தப் பாரு!"

மாமா வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளங்கையில் குறுக்கே தடித்துப்போன பழைய காய்ப்பு. வள்ளம் வாங்குவதற்கு முன்னால் அவரும் கூலிக்குக் கடலுக்குப் போனவர்தான்.

"பாத்துக்கோ. ஒங்கப்பன் சங்கு குளிக்க முங்குனப்பெல்லாம் மேல நின்னு கயித்தப் பிடிச்சது இந்தக் கைதான். அவன் இழுத்துக் காட்டுனா நொடியில தூக்கணும். எத்தனையோ பேரு இருந்தானுவ, ஏன் எங்கையில கொடுத்தான்? பெண்டாட்டிகூடப் பொறந்த மச்சினன் கையிலதான் நம்ம ஆளு கயித்தக் கொடுப்பான். நான் அசந்தா எங்கக்காவுல்லா தாலியறுக்கணும்! அந்தப் பயம் இருக்குல்லா, அதுதான் கயித்தப் பிடிக்கும். கூலிக்கு வந்தவனுக்கு அந்தப் பயம் இருக்குமாலே?"

அப்பாவைக் கடல் கொண்டுபோகவில்லை, படுக்கையில்தான் போனார். அது இனிகோவுக்கும் தெரியும். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நிசந்தான் மாமா. நீங்க இத நான் சின்னப்பயலா இருக்கையிலேயே சொல்லிட்டிய. நான் மறக்கல."

"மறக்கலல்லா? அப்ப கேளு. லண்டன்ல நீ எம் மருமவன். ஒங்கயிறு எங்கையில இருக்கும். கால் வழுக்குனா பணத்தக் கொட்டித் தூக்கிருவேன். மெட்ராசுக்குப் போனே, சல்லிக்காசு தரமாட்டேன். அங்கன ஒங்கயித்தப் பிடிக்க எவன்லே இருக்கான்?"

இனிகோ மார்பைச் சுற்றியிருந்த டேப்பைத் தானே அவிழ்த்து டெய்லர் கையில் கொடுத்தான். கதவுக்குப் பின்னாலிருந்து, "அத்தான், சொல்லிருங்க" என்றாள் லூர்து.

"அற்புதமணி சார் பிடிப்பாரு மாமா."

கஸ்பார் பர்னாந்து வீடே அதிரச் சிரித்தார். "அவனா! அந்தச் சாத்தான்குளத்தான் ஒனக்கு யாருலே?"

"மச்சினன். போன மாசத்துல இருந்து."