வால் வைத்த வேன்

"மனிதகுலத்தின் முதல் எதிரி காத்துதான். பசி, பட்டினியெல்லாம் அதுக்கப்புறம்."

சட்டி மூடி ஒன்றைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு சலவை நிலையத்து வேன் டிரைவர் இப்படி அறிவித்தபோது, அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. மனைவியின் முகத்திலும் இல்லை. மூடி அவளுடையது.

அவருடைய வேன், நாலு சக்கரம் வைத்த பீரோ. எதிர்காற்று அதில் வந்து மோதி, நின்று, நலம் விசாரித்துவிட்டுத்தான் நகரும். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மேனேஜரே கூட உட்கார்ந்து வந்து அளக்கப்போகிறார். பன்னிரண்டு வரவில்லை என்றால் வேன் பழைய இரும்புக்கு, டிரைவர் இஸ்திரிப் பிரிவுக்கு. இருபது வருடமாக ஜன்னலில் முழங்கையை வைத்து எழுபதில் பறந்தவருக்கு, ஜன்னலே இல்லாத அந்த அறையின் நீராவியை நினைத்துப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

அங்கேயே இன்னொரு வேன் ஓட்டும் மனைவியின் தம்பி ஒரே ஒரு யோசனைதான் சொன்னான். நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினால் மைலேஜ் தானாக வரும். நிலையத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர். வைத்தவர் அக்காள் புருஷனான இவரேதான்.

"நாற்பதுல போறதுக்கு எதுக்கு மாப்ள வண்டி? மூட்டையைத் தலையில வச்சிட்டு நடந்தே போயிடலாமே."

ஆமை தன் வேனில் ஏறி, நாற்பதிலேயே போய்விட்டான். இவர் காற்றைக் கவனிக்கப் போனார்.

முதலில் நான்கு சக்கரங்களுக்கும் சட்டி மூடிகளைப் பொருத்தினார். சக்கரம் வழவழவென்று சுழன்றால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். முதல் வேகத்தடையிலேயே இரண்டு மூடிகள் வேனை முந்திக்கொண்டு ஓடின. மூன்றாவது சாக்கடைக்குப் போனது. நெளிந்து வீடு திரும்பிய நான்காவதை மனைவி அவருடைய சாப்பாட்டுத் தட்டின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்து, நீல நிற டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து வேனுக்கு மூக்கு வைத்தார். ரேடியேட்டருக்கு மூச்சு முட்டியது. நடுரோட்டில் ஆவி பறக்க நின்ற வண்டியைப் பார்த்த மெக்கானிக், இஸ்திரிப் பிரிவை அண்ணன் கையோடவே கொண்டுவந்துட்டார் என்றான். வண்டியின் அடிவயிற்றில் அட்டை ஒட்டிப் பார்த்தார். மழை வந்தது.

கடைசியாக அளந்தபோது எட்டரை. மூன்று நாள் விஞ்ஞானத்தில் அரை கிலோமீட்டர் நஷ்டம். வேனின் முகத்தில் ஓங்கிக் குத்தினார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை; இவர்தான் விரலை உதறிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது உண்மை விளங்கியது. எதிரி முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறான். சப்பையான முதுகைப் பிடித்துக் காற்று இழுக்கிறது. ஆக, வேனுக்குத் தேவை ஒரு வால்.

பிளைவுட்டில் நான்கடி நீளத்துக்கு, மீனின் வால்பக்கம் போல் போகப்போகக் குறுகும்படி ஒன்றைச் செய்து பின்கதவில் கட்டினார். துணி மூட்டைகளைப் பக்கக் கதவு வழியாக ஏற்றிக்கொள்ளலாம். ஓட்டிப் பார்த்தபோது வால் முப்பதில் முனகியது, நாற்பதைத் தாண்டினால் தடதடவென்று அலறியது. பிய்த்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவன் தலைக்கு உத்தரவாதமில்லை. இன்னும் இரண்டு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கினார்.

வெள்ளிக்கிழமை டாங்க்கை விளிம்புவரை நிரப்பி, மேனேஜரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கேட்டில் இருந்த வேகத்தடையில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அதோடு சரி, பிறகு வாலிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. கயிறுன்னா இதுதான் கயிறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இருந்தாலும் வால் பிய்த்துக்கொள்ளுமோ என்ற சந்தேகம் போகவில்லை. முள்ளை நாற்பதைத் தாண்டவிடவில்லை. லாரிகள் முந்தின. டிராக்டர் ஒன்று முந்தியது. பஸ் கண்டக்டர் ஒருவன் எட்டிப் பார்த்து, வண்டியை யாராவது தள்ளிக்கொண்டு வருகிறார்களா என்று அக்கறையாகக் கேட்டான். கால் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பத்தாவது கிலோமீட்டரில் மேனேஜர் தூங்கிவிட்டார். போக ஐம்பது, வர ஐம்பது, டீக்குக்கூட இறங்கவில்லை.

திரும்பி வந்ததும் நிலையத்து பம்ப்பில் மறுபடி விளிம்புவரை நிரப்பினார்கள். நூறு கிலோமீட்டருக்கு எட்டே லிட்டர். பன்னிரண்டரை.

மேனேஜர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு தடவை வகுத்துப் பார்த்தார். பிறகு டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிலையத்தின் எட்டு வேன்களுக்கும் வால் வைப்பது என்றும், மேற்பார்வை இவருடையது என்றும் அங்கேயே முடிவானது. வாலைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும், போனை எடுத்துவருகிறேன் என்று ஆபீஸுக்குள் போனார்.

தன் வேனிலிருந்து இறங்கி வந்த ஆமையைப் பார்த்ததும் டிரைவருக்கு மனசு நிறைந்துவிட்டது. சீட்டில் சாய்ந்தபடியே அருள் பாலித்தார்.

"முதல் வால் உனக்குத்தான் மாப்ள. இனிமேலாவது நீயும் மனுஷன் மாதிரி எழுபதுல போ."

ஆமை அக்கம்பக்கம் பார்த்தான். ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அப்புறம் பேசலாம் மாமா. சார் வர்றதுக்குள்ள இறங்கி வாங்க, மாட்டிடலாம்."

"எதை?"

"வாலை. காலையில கேட்டுலயே விழுந்துடுச்சு."