ஏழாம் கூண்டில் காயம்

"யார் அடிச்சது? உண்மையைச் சொல்லுங்க டில்லி அண்ணா!"

அனுப்ரியாவின் குரல் நடுங்கியது. தரமணி ஆராய்ச்சிக்கூடத்தில், உள்காது ஆய்வுக்காக வளர்க்கும் அணில் அளவுக் குரங்குகளில் ஒன்றுக்கு நெற்றியில் ரத்தக் காயம். பதினோரு மணிக்கு விலங்கு நலக் குழு வருகிறது. பார்த்தால் ஆய்வையே இழுத்து மூடிவிடுவார்கள். அவளுடைய நாலு வருட உழைப்பு, டாக்டர் பட்டம், எல்லாம் அம்பேல்.

"நான் அடிக்கல மேடம்" என்றார், கூண்டுகளைக் கவனித்துக்கொள்ளும் டில்லிபாபு.

"அப்ப இது என்ன?"

கேமரா பதிவை ஓடவிட்டாள். இன்று காலை எட்டு மணி. டில்லிபாபு நுழைகிறார். நேரே ஏழாம் கூண்டுக்குப் போய், அதன் அடிப்பலகையில் உள்ளங்கையால் ஓங்கி மூன்று தட்டு தட்டுகிறார்.

"கதவுல 'சத்தம் போடாதீர்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. வாயில்லா ஜீவனை இப்படியா மிரட்டுவீங்க? குழு கேட்டா உங்க பேரைத்தான் சொல்வேன். அப்புறம் வேலை போச்சேன்னு என்கிட்ட வந்து நிக்காதீங்க!"

டில்லிபாபுவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மேடம், மருந்து குடுத்து இதுக்குக் காதே கேக்காம பண்ணிட்டீங்க. எங்க வூட்ல என் சம்சாரம் கங்கம்மாவுக்கும் காது கேக்காது. சொல்லாம பின்னால போய் நின்னா பதறிப்பூடும். தரையில தட்டுனா அதிரும்ல, ஆள் வர்றது தெரிஞ்சிடும். இதுக்கும் அதான்."

"கதை நல்லா இருக்கு. காயம் எப்படி வந்துச்சாம்?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தட்டுக்கு மேல் அனுப்ரியா அதைப் பார்த்திருக்கவில்லை. தட்டிய பிறகு குரங்கு மிரளவில்லை. கம்பி ஓரமாக வந்து, அவர் கையிலிருந்த வாழைப்பழத் துண்டை வாங்கித் தின்றது. நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை.

பதிவை வேகமாக ஓட்டினாள். ஒன்பது மணி. வெள்ளைக் கோட்டு ஒன்று பூனை நடையில் வருகிறது. குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தண்ணீர்க் குப்பியை மாற்றக் கையை நீட்டுகிறது. முதுகு காட்டி உட்கார்ந்திருந்த குரங்கு, திடீரென்று கையைக் கண்டதும் அலறி எகிறிக் கம்பியில் மண்டையை மோதிக்கொள்கிறது. கோட்டு அதைக் கவனிக்காமலே அடுத்த கூண்டுக்கு நகர்கிறது.

அந்தக் கோட்டைப் போட்டிருந்தது அனுப்ரியா.

அவள் பதிவை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு... தெரியுமா அண்ணா?"

"கதவுக் கண்ணாடி வழியா பாத்தேன் மேடம்."

"அப்ப ஏன் சொல்லல? உங்க வேலை போயிருக்குமே!"

"குழு வருதுன்னு ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம பயந்துகினு கீறீங்க. பயந்துகினு கீறவங்க முன்னால திடீர்னு போய் நிக்கக் கூடாது மேடம்."