இரண்டாவது பூனை

“அங்கிள், எத்தனை தடவ சொல்றது? ரெண்டு பேர் ஆடற கேம் உங்களுக்கு வேணாம்.”

இளமதிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எதிரே கோவிந்தராசு, பஸ் ஓட்டிவிட்டு வந்த பஸ் கேப்டன் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சமூக மன்றத்தின் மாடி அறை அது. சனிக்கிழமை மாலைகளில் இளமதி அங்கே வீடியோ கேமை மின்னல் வேகத்தில் முடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். கை வேகம் தேவையில்லை. ஒரு நொடி ஆட்டத்தை அறுபது துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எந்தப் பட்டன் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் போட வேண்டும். தப்பானால் பின்னால் போய் மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் கம்ப்யூட்டரே மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஆடிக் காட்டும்.

“முதல் கேம் சின்னதா, ஒரே ஆள் ஆடறதா இருக்கணும். இந்தத் தவளை கேம் எடுத்துக்குங்க. மூணே நிமிஷம்தான்.”

“ரெண்டு தவளை உண்டாம்மா?”

“ஒண்ணுதான்.”

“அப்ப வேணாம்மா.”

பக்கத்து மேசையிலிருந்து ஜெய் எட்டிப் பார்த்தான். கிளப்பில் அவன்தான் சூரன், அதை அவனே சொல்லிக்கொள்வான்.

“அங்கிள், ரெண்டு ஆளுக்கும் நீங்கதான் பட்டன் போடணும். டபுள் வேலை லா!”

“பரவால்ல தம்பி. ரெண்டு பேர் இல்லாட்டி, இதக் கத்துக்கிட்டே எனக்குப் பிரயோஜனம் இல்ல.”

பிடித்த பிடியை விடவில்லை மனிதர். கடைசியில் ஒரு பழைய பூனை கேமைத் தேர்ந்தெடுத்தார். கறுப்புப் பூனை ஒன்று, வெள்ளைப் பூனை ஒன்று. இரண்டும் கதவுக்கு வந்து சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒரு நோட்டில் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். ‘கம்ப்யூட்டரை ஆன் செய்யவும்’ என்பதைக்கூட! எழுதிய தாளைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். இவர் எங்கே உருப்படப் போகிறார் என்று இளமதி நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து வந்தார். ஒரு கையில் கரிபாப் பலகாரப் பொட்டலம், இன்னொரு கையில் பென்டிரைவ்.

“எவ்வளவு முடிச்சீங்க அங்கிள்?”

“ஒரு கதவு வரைக்கும்.”

“மூணு வாரத்துல ஒரே கதவா?” ஜெய் வாய்விட்டுச் சிரித்தான்.

இளமதி ஓட்டிப் பார்த்தாள். கறுப்புப் பூனை ஒழுங்காக ஓடிக் கதவருகே போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வெள்ளைப் பூனை பெட்டிகளில் முட்டி, பள்ளத்தில் விழுந்து ஏறி, ஆடி அசைந்து வந்தது. போதாக்குறைக்கு, கதவுக்குக் கொஞ்சம் முன்னால் காரணமே இல்லாமல் மூன்று முறை குதித்தது.

“வேகமா முடிக்கத்தானே அங்கிள் இத்தனை பாடு? கறுப்பு சும்மா நிக்குது, வெள்ளை ஊர் சுத்துது. பதினோரு நொடி வேஸ்ட். வெள்ளையை முழுசா அழிச்சிட்டு நானே போட்டுத் தரேன். அஞ்சு நிமிஷ வேலை.”

வெள்ளைப் பூனையின் பட்டியலைத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

கோவிந்தராசு சட்டென்று கீபோர்டின் மேல் கையை வைத்து மூடினார். இருந்த இடத்தை விட்டு எழுந்தே விட்டார்.

“அழிச்சிடாதம்மா! அது நான் போட்டது இல்ல.”

“பின்ன யாரு?”

“என் வீட்டுக்காரம்மா.”

இளமதி திரும்பிப் பார்த்தாள்.

“லீலா நர்ஸும்மா. எப்பவும் நைட் ஷிஃப்ட். நான் காலையில நாலு மணிக்குக் கிளம்பினா பொங்கோல்ல இருக்கற வீட்டுக்குத் திரும்ப ராத்திரி ஏழரை ஆயிடும். அதுக்குள்ள அவ போயிடுவா. லீவு நாளும் ஒத்து வர்றதில்ல. ஃப்ரிட்ஜ்ல சீட்டு ஒட்டித்தான் பேசிக்கிறோம். ‘பால் இல்ல’, ‘துணி காயுது’. ரெண்டு வருஷமா இதான்.”

அவர் குரல் தாழ்ந்தது.

“இந்த கேம்ல என் பூனைக்கு நான் பட்டன் போட்டு வச்சிட்டுப் போவேன். அவ காலையில வந்து அவ பூனைக்குப் போடுவா. நீ சொன்னத எழுதிட்டுப் போய் ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். அதப் பாத்துதான் அவ கத்துக்கிட்டா. ஓட்டிப் பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணா ஓடறோம்மா.”

ஜெய் கரிபாப்பைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். இளமதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தேர்ந்தெடுத்ததை விடுவித்தாள். எதுவும் அழியவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சரி அங்கிள், நான் எதையும் தொடல. ஆனா அங்க மூணு தடவ குதிக்குதே, அது எதுக்கு? ஆன்ட்டி பட்டனைத் தெரியாம அழுத்திட்டாங்களா?”

கோவிந்தராசுவுக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

“இல்லம்மா. அந்த இடத்துலதான் கதவுகிட்ட நிக்கிற என் பூனை அவ கண்ணுல படும்.”