மூன்றாவது கியர்

“இந்த வண்டிக்குச் சத்தம் வைக்கணும் தம்பி.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான். எதிரே நின்றவர் கல் குவாரியில் கல் உடைக்கும் கிரஷர் ஓட்டுபவர். வாங்கி இரண்டு மாதமே ஆன மின்சாரக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். ‘அவருக்குக் காது மந்தம், உரக்கப் பேசுங்க’ என்று அவர் மனைவி வந்ததுமே சொல்லிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

“வண்டியில சத்தம் வருதுன்னு வர்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். வரலைன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்ணே,” என்று கத்தினான் மெக்கானிக். “வண்டி பிடிக்கலையா?”

“யாரு சொன்னா? பங்க்ல போய் நிக்க வேண்டாம். ராத்திரி வயரைச் சொருகிட்டுப் படுத்தா, காலையில வயிறு ரொம்பி நிக்குது. கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது முட்டி தேஞ்சு போச்சு, இப்ப அந்தக் காலுக்கு வேலையே இல்லை. மேட்டுலகூட முக்காம முனகாம ஏறுது. ராசா மாதிரி வண்டி.”

“அப்புறம் என்ன?”

“அந்த முக்கல் முனகல்தான் வேணும்.”

மெக்கானிக் பானட் பக்கம் குனிந்து, “மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு,” என்று தனக்குள் முணுமுணுத்தான். பிறகு குரலை உயர்த்தினான். “உள்ளே ஸ்பீக்கர் வெச்சு என்ஜின் சத்தம் வர்ற மாதிரி பண்ணலாம். சின்னப் பசங்க ரேஸ் கார் சத்தம் கேப்பாங்க. அதுவா?”

“எனக்கெதுக்கு ரேஸ் கார்? என் பழைய டீசல் வேன், மூணாவது கியர்ல குவாரி மேடு ஏறும்போது தகரமெல்லாம் அதிரும் பாரு, அந்தச் சத்தம்.”

“அதுக்குப் பேசாம பாட்டைப் போட்டுட்டுப் போகலாமே.”

“பாட்டுப் போட்டா அவ பாட்டைக் கேப்பா.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி, மடியில் சாப்பாட்டுப் பையோடு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குவாரி கேன்டீன்ல சமைக்கிறா. போக வர என்கூடத்தான். இந்த வண்டி வந்ததுலேர்ந்து வாயைத் திறக்கலை. போன வாரம் பார்த்தா, அழுதுக்கிட்டே வர்றா. என்னன்னு கேட்டா கண்ணுல தூசிங்கறா. கண்ணாடி ஏத்தின வண்டிக்குள்ள தூசி ஏது? இன்னைக்கு நீ சத்தம் வைக்கலைன்னா, இதை வித்துட்டு அந்த ஓட்டை வேனையே திரும்ப வாங்கப்போறேன்.”

“சத்தம் வெச்சா அக்கா பேசிடுவாங்களா?”

“வேன்ல பேசினாளே. எனக்குக் காது செத்துப்போச்சுன்னு அவளுக்கு நெனப்பு. இரைச்சலும் சேர்ந்துக்கும். அவபாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கிட்டு, மனசுல கிடக்குறதையெல்லாம் கொட்டுவா. அவங்க அம்மா சாவுக்கு நான் காலையில போய்ச் சாயங்காலமே வேலைக்குத் திரும்பினது. என் தம்பி அவளை மட்டமாப் பேசினப்ப நான் மரம் மாதிரி நின்னது. எல்லாம். என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.”

மெக்கானிக் நிமிர்ந்தான். “அப்ப உங்களுக்குக் காது...”

“காதும் போகலை. கிறுக்கும் புடிக்கலை.”

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் கிரஷர் ஓட்டினேன். எல்லாரும் செவிடன்னு சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். மேனேஜர் திட்டினா பதில் சொல்ல வேண்டாம் பாரு. இவ வேன்ல இடுப்பு வலிக்குதுன்னு முனகினா, மறுநாள் கேன்டீனுக்குத் தண்ணி தூக்க ஆள் போடச் சொல்லுவேன். அடுப்பு சரியா எரியலைன்னா, நானா பார்த்துக் கண்டுபிடிச்ச மாதிரி கழட்டி மாட்டுவேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா வாயைத் தைச்சுக்குவா. நீயும் சொல்லித் தொலைச்சிடாதே.”

மெக்கானிக், பழுதுக்கு நின்ற ஒரு டீசல் வேனை முடுக்கி, அதன் இரைச்சலைப் பதிந்து காரில் ஏற்றினான்.

வேலை முடிந்ததும் கிரஷர்காரர் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். தகரம் அதிர மேடு ஏறும் ஓட்டை வேனைப்போல, அந்தப் புதுக் கார் பட்டறை வாசலைச் சுற்றி வந்தது. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

மனைவி வெளியே வந்து மெக்கானிக் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டார்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.” சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குரலைத் தணித்தார். “கொஞ்சூண்டு மட்டும் குறைச்சு வையுங்க தம்பி. நான் பேசுறது அவருக்குக் கேக்கணும்.”