பாதி விலை அறை

பல நாளாகப் போனைத் தடவித் தடவிக் கணவன் பிடித்த பாதி விலை அறை இதுதான். கதவைத் திறந்ததும் ஈரக் கால்மிதியின் நாற்றம் முகத்தில் அடிக்கிறது. அவன் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னல் திரையை விலக்கி, "பாத்தியா, சொன்ன மாதிரியே கடல் தெரியுது," என்கிறான். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே விரல் அகலத்துக்குத் தெரியத்தான் செய்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்பவள் அவள். கண் நேராகக் கட்டிலுக்குத்தான் போகிறது. விரிப்பில் மடித்துத் தைத்த ஓரம் மேல்பக்கம் இருக்கிறது. துவைக்கவில்லை, திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நுனியைத் தூக்குகிறாள். அடியில் யாருடையதோ தலைமுடி, எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த டீக்கறை. "இந்த விலைக்கு இதுவே அதிகம். இங்க வந்தாவது வேலைய மறந்துட்டு இரேன்," என்கிறான். "இதுலயா எம்புள்ள படுக்கணும்?" அவன் மறுபடி கடலைப் பார்க்கிறான். அவள் விரிப்பை உருவி மூலையில் எறிகிறாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை விரித்து, சுருக்கம் நீவி, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி, துண்டை எடுத்து மடிக்கிறாள். "அம்மா, வாத்து," என்று மகள் கை தட்டுகிறாள். தன் கை என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் அவளும் பார்க்கிறாள். ஓட்டலில் விருந்தாளிகளுக்குத் துண்டில் மடித்துவைக்கும் அதே வாத்து, கழுத்தை வளைத்துக்கொண்டு கட்டில் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மூலையில் கிடக்கும் அழுக்கு விரிப்பின்மேல் வீசுகிறாள்.