முதுகில் ஐந்து விரல்கள்

மூன்று வயது மகளின் சட்டையைத் தூக்கி டாக்டரம்மாவிடம் காட்டினான் தகப்பன். முதுகில் ஐந்து விரல்கள் பதிந்த இடம் சிவந்து கொப்பளித்திருந்தது.

"இவளைப் பார்த்துக்கிற ஆயாதான் டாக்டர். கேட்டா, 'நான் அடிக்கவே இல்ல தம்பி'ன்னு சாதிக்குது. எழுதிக் குடுங்க, போலீசுக்குப் போறேன்."

"ஆயாவுக்கு இவ்வளவு பெரிய கையா? உங்க கையை இது மேல வைங்க."

வைத்தான். அச்சு அசலாகப் பொருந்தியது.

"ஐயோ, தாயில்லாப் பிள்ளை டாக்டர்! நான் அதட்டினதுகூட இல்ல."

"இது அடிச்ச தடமே இல்ல. வீட்டுல எலுமிச்சை மரம் இருக்கா?"

"இருக்கு. முந்தாநாள் காஞ்ச கிளையைக் கழிச்சுவிட்டுப் பழம் பறிச்சேன். நசுங்கினதுல கையெல்லாம் சாறு. கழுவாமலே இவளைத் தூக்கிட்டேன்."

"வெயில்ல? சட்டை இல்லாம?"

தலையாட்டினான்.

"அந்தச் சாறு பட்ட இடத்துல வெயில் அடிச்சா பிஞ்சுத் தோல் வெந்துடும். களிம்பு தரேன், ஆறிடும்."

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பெஞ்சிலிருந்து ஆயா எழுந்து நின்றார். காலையில் அவன் அறைந்த கன்னம் வீங்கியிருந்தது.

"பாப்பாவுக்கு எரிச்சல் குறைஞ்சுதா தம்பி?"